சேற்றின் வயதும் இலையின் வயதும்: ஊசுட்டேரி, பாகூர் ஏரி, தாவர மெழுகு



பொங்கலுக்குப் பாகூர் வயல்களிலிருந்து வண்டியேறும் கரும்பைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு கணுவுக்கும் கீழே சாம்பல் பூத்தாற்போல் ஒரு வெள்ளைப் பூச்சு தெரியும். கட்டைவிரல் நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும், விரலிடையே தேய்த்தால் வழவழக்கும், தண்ணீரில் கரையாது. அது மெழுகு. கரும்பில் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தடிப்பாக இருக்கிறது. நெல், பனை, புளி, வேம்பு என்று எந்த இலையை எடுத்தாலும் மெல்லிய படலமாக இருக்கவே செய்கிறது. உள்ளிருக்கும் ஈரம் வெயிலில் போகாமல் காப்பதும், வெளியிலிருந்து பூஞ்சை புகாமல் தடுப்பதும் அதன் வேலை.

உதிர்ந்த இலை மட்குகிறது. அதிலுள்ள மாவுச்சத்தும் புரதமும் விரைவில் நுண்ணுயிர்களுக்கு இரையாகிவிடும். மெழுகு அவ்வளவு எளிதில் அழிவதில்லை. மண் துகளோடு ஒட்டிக்கொண்டு, மழைத் தண்ணீரில் வாய்க்கால் வழியே வந்து, ஏரியின் அடியில் படிகிறது. காற்றோட்டமில்லாத சேற்றுக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அப்படியே கிடக்கும். அந்த மெழுகைச் சேற்றிலிருந்து தனியே பிரித்து, அதிலுள்ள கதிரியக்கக் கார்பனைக் கொண்டு வயது கணிக்கும் ஆய்வுமுறை கடந்த முப்பது ஆண்டுகளில் வளர்ந்திருக்கிறது. புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனிலுள்ள ஊசுட்டேரியையும் பாகூர் கொம்யூனிலுள்ள பாகூர் ஏரியையும் மனத்தில் வைத்து அந்த முறையைப் பார்க்கும்போது ஒரு செய்தி முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியதாகிறது. மெழுகு சொல்லும் வயது இலை தளிர்த்த காலத்தின் வயது. சேறு படிந்த காலம் அதுவல்ல. இரண்டுக்கும் நடுவே நூற்றாண்டுகள் இருக்கக்கூடும்.

இலை மெழுகை வேதியியல் கண்ணோடு பார்த்தவர்களில் முன்னோடி பிரிட்டனைச் சேர்ந்த ஜெஃப்ரி எக்லின்டன். 1967-இல் அவரும் ஹாமில்டனும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இன்றும் இத்துறையின் அடிப்படை. மெழுகு என்பது கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்த நீண்ட மூலக்கூறுகளின் கலவை. நிலத்துச் செடிகொடிகளின் மெழுகில் 27, 29, 31 என்று ஒற்றைப்படையில் கார்பன் கொண்ட ஹைட்ரோகார்பன்கள் மிகுதி. கொழுப்பு அமிலங்களிலோ 24 முதல் 32 வரை இரட்டைப்படையில் வரும் நீண்ட சங்கிலிகள் மிகுதி. தண்ணீருக்குள் மூழ்கி வளரும் பாசி, கொடிகளில் பெரும்பாலும் 23, 25 என்ற குட்டைச் சங்கிலிகள். ஆகவே ஏரிச் சேற்றில் கிடைக்கும் மூலக்கூறின் நீளத்தைப் பார்த்தே, அது கரைக்கு வெளியே நிலத்தில் வளர்ந்த செடியிலிருந்து வந்ததா, ஏரிக்குள்ளேயே வளர்ந்ததா என்று பெருமளவுக்குப் பிரித்துவிடலாம்.

அந்த மூலக்கூறுக்குள் இன்னும் இரண்டு தடயங்கள் உண்டு. ஒன்று, கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பன். நெல்லும் பயறும் மரங்களும் ஒளிச்சேர்க்கையில் அதைக் குறைவாக ஏற்கும். கரும்பு, கம்பு, கேழ்வரகு, சோளம் ஆகியவை கூடுதலாக ஏற்கும். வறட்சியைத் தாங்கும் புல்வகைகள் பலவும் இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவை. மற்றொன்று கன ஹைட்ரஜன். அது செடி குடித்த மழைநீரிலிருந்து வருகிறது. பருவமழை வலுத்துப் பெய்யும் காலத்தில் மழைநீரில் அதன் விகிதம் குறையும்.

தென்னிந்தியாவில் இவ்வகை ஆய்வுக்கு முன்மாதிரி நீலகிரிதான். இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் உடனாய்வாளர்களும் நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணில் கார்பன்-13 விகிதத்தை அளந்து, சுமார் 20,000 ஆண்டுகளில் ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்ததை 1993-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். மகாராஷ்டிரத்தின் லோணார் ஏரியில் எடுத்த சுமார் 10 மீட்டர் நீளச் சேற்றுத்தண்டு, 4,600 முதல் 3,900 ஆண்டுகளுக்கு முன்பு நீண்ட வறட்சி நிலவியதைக் காட்டியது. கோதாவரி கடலில் கலக்கும் இடத்துக்கு வெளியே எடுத்த படிவில் இலை மெழுகையே அளந்த பான்டன் குழுவினர், சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பும் 1,700 ஆண்டுகளுக்கு முன்பும் வறட்சித் தாவரங்கள் கூடியதை 2012-இல் எழுதினார்கள். இவற்றில் எதை எடுத்தாலும் ‘என்ன நடந்தது’ என்பதை இரசாயனம் சொல்லிவிடுகிறது. ‘எப்போது’ என்பதற்குத்தான் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் வேண்டும்.

வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் நியூட்ரான்களை உண்டாக்குகின்றன. அவை நைட்ரஜனைத் தாக்கும்போது கார்பன்-14 பிறக்கிறது. காற்றிலுள்ள கார்பனில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி அணுவுக்கு ஒன்று இந்த வகை. உயிரோடு இருக்கும் செடி அதைக் காற்றிலிருந்து ஓயாமல் எடுத்துக்கொள்ளும். செத்த பிறகு எடுக்காது. அதன்பின் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். வில்லர்ட் லிப்பி இதைக் கொண்டு வயது கணிக்கும் முறையை 1940-களின் இறுதியில் நிறுவினார். 1960-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கணக்கைப் பாகூரை வைத்தே போட்டுப் பார்க்கலாம். 1879-இல் பாகூரில் கிடைத்த செப்பேடு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், இவ்வூரிலிருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக விட்டதைச் சொல்கிறது. அந்தக் காலத்தில் பாகூரில் தளிர்த்த ஒரு நெற்பயிரின் தோகை இன்று கிடைத்தால், அதில் தொடக்கத்தில் இருந்த கார்பன்-14-இல் நூற்றுக்குச் சுமார் 87 பங்கு மிஞ்சியிருக்கும். ஊசுட்டேரிக்கு நீர் தரும் சங்கராபரணியின் கரையிலுள்ள திருவக்கரைக் கல்மரங்களில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அவை கோடி ஆண்டுக் கணக்கில் பழையவை. கார்பன்-14 சுமார் 50,000 ஆண்டுவரைதான் கைகொடுக்கும்.

கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டுக்கு கி.மு. 580, சிவகளை முதுமக்கள் தாழியில் இருந்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று கார்பன்-14 தந்த ஆண்டுகள் தமிழ்நாட்டில் பலருக்கு மனப்பாடம். அந்த நெல்லில் சிக்கல் குறைவு. விளைந்த நெல்லை அதிகக் காலம் காக்க வைக்காமல் தாழியில் இட்டிருப்பார்கள் என்று நம்பலாம். நெல்லின் வயதே தாழியின் வயது. ஏரி அப்படியல்ல.

ஏரிச் சேற்றுக்கு வயது பார்ப்பதில் முதல் தொல்லை சுண்ணாம்பு. வில்லியனூர் கொம்யூனின் வடக்கே கரசூர், சேதராப்பட்டு, அதையொட்டிய வழுதாவூர்ப் பகுதிகளில் ஏழு கோடி, ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலில் படிந்த சுண்ணாம்புப் பாறைகள் கிடக்கின்றன. கே, கன்லிஃப் இருவரும் புதுச்சேரிப் பக்கத்தில் சேகரித்த கடலுயிர்ப் படிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்த நாளிலிருந்து புவியியலாளர்களுக்கு இது பேர்போன இடம். இந்தப் பாறையில் கார்பன் நிறைய உண்டு. கார்பன்-14 துளியும் இல்லை. மழைநீர் பாறையைக் கரைத்துக்கொண்டு ஏரிக்கு வந்தால், அந்தச் ‘செத்த’ கார்பனை நத்தையும் பாசியும் தம் ஓட்டிலும் உடலிலும் சேர்த்துக்கொள்ளும். நூற்றுக்கு ஐந்து பங்கு அப்படிச் சேர்ந்தாலே, நேற்றுச் செத்த நத்தைக்குச் சுமார் 400 ஆண்டு வயது ஏறிவிடும்.

இங்கேதான் இலை மெழுகின் பெருமை. நிலத்துச் செடி கார்பனைத் தண்ணீரிலிருந்து எடுப்பதில்லை, காற்றிலிருந்து எடுக்கிறது. சுண்ணாம்பு அதைத் தொடாது. எனவே மெழுகை மட்டும் பிரித்து வயது பார்த்தால் சிக்கல் தீர்ந்தது என்று ஆய்வாளர்கள் நம்பினார்கள். பிரிப்பது எப்படி என்பதை 1996-இல் செய்து காட்டியவர் திமோத்தி எக்லின்டன்; ஜெஃப்ரி எக்லின்டனின் மகன். தந்தை மெழுகை இனம் கண்டார், மகன் அதற்கு வயது பார்த்தார்.

வேலை பொறுமையைச் சோதிப்பது. தோணியிலிருந்து ஒரு நீண்ட குழாயைச் சேற்றுக்குள் நேராக இறக்கி, அடுக்குக் குலையாமல் மேலே எடுக்க வேண்டும். குழாயை நீளவாக்கில் பிளந்தால் கறுப்பும் பழுப்பும் சாம்பலுமாக வரிகள் தெரியும். அதைச் சிறு வில்லைகளாக அறுத்து, உறையவைத்து உலர்த்தி, கரைப்பானில் ஊற வைக்க, எண்ணெய்ப் பசையுள்ளவை எல்லாம் கரைந்து வரும். அதிலிருந்து ஒரே நீளமுள்ள சங்கிலிகளை வாயு நிறப்பிரிகைக் கருவி தனித்தனியாகப் பிரிக்கும். ஒரு முறை செலுத்தினால் கிடைப்பது மிகச் சிறு துளி. ஆகவே அதே மாதிரியைத் திரும்பத் திரும்பச் செலுத்தித்தான் சில பத்து மைக்ரோகிராம் சேர்க்க முடியும். அதை எரித்துக் கரியமில வாயுவாக்கி, முடுக்கி நிறை நிறமாலைமானியில் அணு அணுவாக எண்ணுகிறார்கள். லிப்பி காலத்து முறையில் சிதையும் அணுக்களை எண்ண வேண்டும். ஒரு கிராம் புதுக் கார்பனில் நிமிடத்துக்குச் சுமார் 14 மட்டுமே சிதையும் என்பதால் கிராம் கணக்கில் பொருள் வேண்டியிருந்தது. 1977-இல் முடுக்கி முறை வந்திராவிட்டால் மெழுகுக்கு வயது பார்ப்பது கனவாகவே இருந்திருக்கும். கீழடி மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போயின. இன்று புது டெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையத்திலேயே கார்பன்-14 அளக்கும் வசதி இருக்கிறது.

இத்தனை பாடுபட்டு எடுத்த மெழுகு, எதிர்பாராத விடை சொன்னது மெக்சிகோவில்.

யுகட்டான் தீபகற்பத்தில் சிச்சன்கனாப் என்றொரு ஏரி. மாயா நாகரிகத்தின் நகரங்கள் 9-ஆம் நூற்றாண்டை ஒட்டிச் சரிந்ததற்கு வறட்சி ஒரு காரணம் என்று 1995-இல் ஹோடெல், கர்ட்டிஸ், பிரென்னர் மூவரும் எழுதியது இந்த ஏரிச் சேற்றை வைத்துத்தான். காலத்தால் பார்த்தால் அது பாகூர்ச் செப்பேடு வெட்டப்பட்ட அதே நூற்றாண்டு. 2014-இல் பீட்டர் டக்ளஸ் குழுவினர் இந்த ஏரியில் ஒரே அடுக்கிலிருந்து இரண்டு பொருளை எடுத்து வயது பார்த்தார்கள்: ஒன்று, விதை, சுள்ளி போன்ற நிலத்துத் தாவரத் துண்டு, மற்றொன்று, மெழுகு. மெழுகு 350 முதல் 1,200 ஆண்டுகள்வரை மூத்ததாக வந்தது. சுண்ணாம்பின் பிழை இதில் இல்லை. கருவியின் பிழையும் இல்லை. மெழுகு உண்மையிலேயே அவ்வளவு பழையது. இலை உதிர்ந்தபின் அது நேரே ஏரிக்கு வரவில்லை. காட்டு மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் தங்கியிருந்து, மண் அரிக்கப்பட்டபோதுதான் ஏரிக்கு வந்திருக்கிறது.

பழைய நெல்லின் மேலேயே புது நெல்லைக் கொட்டிக்கொண்டு வரும் பத்தாயம் போன்றது வயல் மண். அடியிலிருந்து ஒரு படி அளந்தால் எந்தப் போகத்து நெல் என்று சொல்ல முடியாது; பல போகங்களின் கலவை வரும். ஏரிக்கு வரும் மெழுகின் ‘வயது’ என்பதும் அப்படிப்பட்ட சராசரிதான். நேற்று உதிர்ந்த இலையும் பல நூற்றாண்டு மட்கும் ஒரே வெள்ளத்தில் வருகின்றன.

இதனால் வறட்சியின் காலக்கணக்கு நகர்கிறது. சேற்றின் வயதை விதையால் குறித்து, மழையின் அளவை மெழுகால் அளந்தால், இரண்டும் ஒரே காலத்தவை என்று வைத்துக்கொள்வது தவறு. மெழுகு பேசும் மழை, அந்தச் சேறு படிவதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தையதாக இருக்கலாம். ஓர் அரசு வறட்சிக்கு முன் விழுந்ததா, பின் விழுந்ததா என்ற கேள்விக்கு இந்த இடைவெளி விடையையே மாற்றிவிடும். அதனால்தான் டக்ளஸ் குழுவினர் மாயா வறட்சிகளை மறுபடி கணக்கிட்டபோது, சேற்றின் வயதைக் கொண்டல்லாமல் மெழுகின் சொந்த வயதைக் கொண்டே காலவரிசை அமைத்தார்கள்.

ஆனால் தொல்லையாகத் தொடங்கிய இந்த இடைவெளியே பிறகு ஆய்வுப் பொருளாகிவிட்டது. மெழுகின் வயதிலிருந்து சேற்றின் வயதைக் கழித்தால் கிடைப்பது, அந்நிலத்து மண் கார்பனை எவ்வளவு காலம் பிடித்து வைத்திருந்தது என்ற அளவு. மாயா நிலத்தில் காடு அழிந்து மக்காச்சோளக்கொல்லை பெருகிய நூற்றாண்டுகளில் இந்தக் காலம் வெகுவாகச் சுருங்கியதை 2018-இல் அதே குழுவினர் காட்டினார்கள். நகரங்கள் கைவிடப்பட்டு, ஆயிரம் ஆண்டுக்கு மேல் காடு மறுபடி வளர்ந்தும் மண் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வங்கக் கடலில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டு சேர்த்த மெழுகை அளந்த கிறிஸ்டோபர் ஹைன் குழுவினர், கடந்த 18,000 ஆண்டுகளில் வெப்பமும் மழையும் கூடக்கூட மண்ணில் கார்பன் தங்கும் காலம் குறைந்துவந்ததை 2020-இல் வெளியிட்டார்கள். மழை கூடினால் மட்கு விரைவாகக் கரைந்துபோகிறது என்பது உழவருக்குத் தெரிந்த செய்தி. எத்தனை நூற்றாண்டு அளவில் என்பதுதான் புதிது.

இனி நம் ஏரிகள். பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருவது தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே. பங்காரி, சிங்காரி என்ற இரு தேவதாசிகள் வெட்டுவித்த வாய்க்கால்கள் என்பது ஊர் வழக்கு. தென்பெண்ணை பிறப்பது கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை தாண்டி வருகிறது. ஆகவே பாகூர் ஏரிச் சேற்றிலுள்ள மெழுகில், பக்கத்து வயலின் நெல்லும் கரும்பும் ஒரு பங்கு என்றால், மேற்கே வெகுதொலைவிலுள்ள மலைச்சரிவுப் புல்லும் மானாவாரிக் கேழ்வரகும் மறு பங்காக இருக்கலாம். 1950-களின் இறுதியில் கிருஷ்ணகிரி அணையும் சாத்தனூர் அணையும் வந்தபின் மேட்டு நிலத்து வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கத் தொடங்கியது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூரிலிருந்து நொடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்டது போன்ற நாட்களில், கரையோரத்துப் பழைய மண்ணும் அறுத்துக்கொண்டு வருகிறது.

ஊசுட்டேரியின் கதை வேறு. செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணியின் நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே வருகிறது; சுற்றுவட்டார மழைநீரும் சேர்கிறது. புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையில் பங்கிடப்பட்ட ஏரி. புதுச்சேரிப் பகுதி 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புப் பாறை அண்டையில் இருப்பதால், நத்தை ஓட்டை நம்பி இங்கே வயது பார்ப்பது ஆபத்து.

இயற்கை ஏரிகளுக்கு இல்லாத இன்னொரு சங்கடமும் நம் ஏரிகளுக்கு உண்டு. இவை மனிதர் கட்டியவை; மனிதர் தூர்வாரி வந்தவை. உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்தைப் பற்றிச் சொல்வது கி.பி. 10-ஆம் நூற்றாண்டிலேயே. ஓடத்தில் ஏரிச் சேற்றை அள்ளிக் கரையில் போடுவதற்கு விடப்பட்ட கொடைகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் பல குறிப்பிடுகின்றன. அள்ளிக் கரையில் கொட்டிய பழைய சேறு அடுத்த மழையில் கரைந்து மறுபடி ஏரிக்குள் இறங்கும். அப்போது பழைய மெழுகு புதுச் சேற்றின் மேல் வந்து உட்காரும். வண்டலை வயலுக்கு அடித்தால், அந்த மெழுகு பயிர் நிலம் போய், அங்கிருந்து அரிக்கப்பட்டு, சுற்றிவரும். புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளையும் ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியோடு 1990-களின் இறுதியில் தொடங்கிய புனரமைப்புத் திட்டம் எடுத்துக்கொண்டது. தூர்வாருதல் உழவுக்கு நல்லது. அடுக்குக் குலைந்த இடத்தில் வரலாறு படிக்க முடியாது என்பதும் உண்மை.

இரண்டையும் காப்பாற்ற வழி இருக்கிறது. தோண்டப்படாத ஆழப்பகுதியில் ஒரு குழாய்ச் சேறு எடுத்தால் போதும். மேலடுக்கே முதல் சோதனை. அணுகுண்டு வெடிப்புச் சோதனைகளால் 1963 வாக்கில் வடகோளக் காற்றில் கார்பன்-14 ஏறத்தாழ இரு மடங்கானது. அதன்பின் பல பத்தாண்டுகள் தளிர்த்த இலைகளில், வரவர மங்கினாலும், அந்த முத்திரை உண்டு. கடந்த அறுபது ஆண்டுச் சேற்றில் கிடைக்கும் மெழுகில் அது முழுதாகத் தெரிந்தால், இலை உடனுக்குடன் ஏரிக்கு வருகிறது. மங்கியிருந்தால் பழைய மண் கலக்கிறது. கீழடுக்குகளில் ஒவ்வொரு வில்லையிலிருந்தும் மூன்று பொருள் எடுக்கலாம்: ஒரு விதை அல்லது சுள்ளி, ஒரு நத்தை ஓடு, கொஞ்சம் மெழுகு. விதை சொல்வதே சேற்றின் காலத்துக்கு நெருங்கியது. ஓட்டுக்கும் விதைக்கும் உள்ள வித்தியாசம் கரசூர்ச் சுண்ணாம்பின் பங்கு. மெழுகுக்கும் விதைக்கும் உள்ள வித்தியாசம் நீர்ப்பிடிப்பு நிலத்து மண் கார்பனைப் பிடித்து வைத்திருந்த காலம்.

மெழுகு எந்தச் செடியுடையது என்று பேர் சொல்லாது. அதற்கு மகரந்தம் வேண்டும். அந்த அறிவுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் மகரந்தவியல் கூடத்தில் வெப்பமண்டலத் தாவரங்களின் மகரந்தத் தகடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர் கணபதி தணிகைமணி, 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் பான் ஆம் விமானக் கடத்தலில் உயிரிழந்தவர். எந்த மரம், எந்தப் பயிர் என்பதை மகரந்தமும், எவ்வளவு மழை, எவ்வளவு காலம் மண்ணில் என்பதை மெழுகும் சொல்ல, பாகூரில் நெல் எப்போது கரும்போடு பங்கு போட்டுக்கொண்டது என்பதுகூட அந்தச் சேற்றிலிருந்து தெரியவரலாம்.

குழாய் இறக்க ஏற்ற காலம் தண்ணீர் இறங்கும் சித்திரை, வைகாசி. தூர்வாரும் இயந்திரங்கள் ஏரிக்குள் இறங்குவதும் அதே மாதங்களில்தான். எனவே பொதுப்பணித் துறையும் கொம்யூன் பஞ்சாயத்துகளும் அடுத்த தூர்வாரும் திட்டத்தை வகுக்கும்போது, இயந்திரம் வருவதற்கு ஒரு வாரம் முன்னதாக ஊசுட்டேரியிலும் பாகூர் ஏரியிலும் தலா ஒரு சேற்றுத்தண்டு எடுத்துவைப்பதையும் அந்த வேலைப் பட்டியலிலேயே சேர்த்துவிடலாம்.